சந்து முனையில் ஆள் இல்லை

"படம் ஒட்டவே மாட்டேங்குது, டீச்சர்" என்றான் திருமேனி.

ஜெனோவா நிமிர்ந்து பார்க்கவில்லை. கம்ப்யூட்டரில் யாருடைய கல்யாண மண்டபத்தையோ ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"மலைக்கோட்டை உச்சியில ரெண்டு பிள்ளையார் கோயில் வந்து நிக்குது."

"ஒண்ணுக்கு ரெண்டா கும்பிட்டுக்கோங்க அண்ணே. புண்ணியம்தானே?"

அவன் சிரிக்கவில்லை.

இந்த இரண்டு பேரில் சீடன்தான் வயதில் மூத்தவன். திருமேனிக்கு நாற்பத்தொன்று. ஜெனோவாவுக்கு முப்பது ஆகவில்லை. திருச்சியில் லாட்ஜுக்கும் மண்டபத்துக்கும் சுவர் நீளப் படம் வேண்டுமென்றால் அவளிடம்தான் வருவார்கள்.

ஒரே கிளிக்கில் விழுகிற படமில்லை அது. கேமராவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் திருப்பிப் பதினாலு படம் எடுக்க வேண்டும். ஒரு படத்தின் ஓரம் அடுத்த படத்திலும் கொஞ்சம் வர வேண்டும். அந்த ஓரத்தில்தான் ஒட்டுப் போடுவார்கள். ஒழுங்காகப் போட்டால் ஊர் முழுக்க ஒரே துணியாக விரியும்.

திருமேனிக்கு அப்படி ஒரு படம் வேண்டும். ஒன்றே ஒன்று போதும்.

பன்னிரண்டு வருஷமாக அவன் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கிறவன். பின்னால் ஒரு வெள்ளைத் துணி, முன்னால் ஒரு தலை. "நிமிருங்க. ரெண்டு காதும் தெரியணும்." ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதையே சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எட்டு மாடி லாட்ஜ் ஒன்று இருக்கிறது. அதன் முதலாளி, "ஒட்டுத் தெரியாம எடுத்துக் குடு, ரிசப்ஷன்ல மாட்டுறேன். கீழ உன் பேரையும் போடுறேன்" என்று சொல்லியிருந்தார்.

அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என்றால் அவன் அந்த லாட்ஜ் மொட்டைமாடியில்தான் இருப்பான்.

"மூக்குக்கு முன்னால ஒரு விரலை நீட்டுங்க" என்றாள் ஜெனோவா.

நீட்டினான்.

"இடது கண்ணை மூடுங்க. இப்ப அதைத் திறந்துட்டு வலதை மூடுங்க."

விரல் தாவியது. எதிர்ச் சுவர்க் காலண்டருக்கு இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போய் நின்றது.

"விரல் நகர்ந்துச்சா?"

"இல்ல."

"காலண்டர்?"

"அதுவும் இல்ல டீச்சர்."

"அப்ப நகர்ந்தது யாரு?"

அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் கல்யாண மண்டபத்துக்குத் திரும்பிவிட்டாள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோதும் அவன் விரலை நீட்டி ஒரு கண்ணை மூடி மூடித் திறந்தான்.

"என்ன, கண்ணடிக்கிறீங்களா?" என்றாள் அவன் பெண்டாட்டி சுகந்தி. "நாலு வருஷம் லேட்டு."

அடுத்த சனிக்கிழமை கேமராவின் கண்ணுக்கு நேர் கீழே ஒரு நூலைக் கட்டி, நூல் நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டான். தரையில் சாக்பீஸால் புள்ளி வைத்தான். எவ்வளவு திருப்பினாலும் நட்டு அந்தப் புள்ளியை விட்டு அசையாமல் பார்த்துக்கொண்டான். பிள்ளையார் கோயில் ஒன்றாகிவிட்டது.

*

"இப்ப துண்டு துண்டாத் தெரியுது, டீச்சர். ஒரு துண்டுல வெயில் காயுது. பக்கத்துத் துண்டுல மழைக்கு இருட்டுற மாதிரி இருக்கு. ஒட்டுப்போட்ட பாவாடையாட்டம்."

ஜெனோவா அவன் கேமராவைக் கேட்டு வாங்கினாள். மேலே இருந்த திருகைத் திருப்பினாள். மேஜை டிராயரிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி ஒன்றை எடுத்து, திருகு மேலேயே ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"இதை எப்ப பிரிக்கணும்?"

"பிரிக்கவே கூடாது."

இத்தனை நாள் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தைக் கேமராவே முடிவு செய்திருக்கிறது என்பது அவனுக்கு லாட்ஜ் படியில் ஏறும்போதுதான் உறைத்தது. ஆறாவது மாடியில் நின்று தனியாகச் சிரித்தான்.

*

மூன்றாவது தடவை அவன் வந்தபோது ஜெனோவாவே சிரித்துவிட்டாள்.

படத்தில் ரோட்டோரம் ஒரு மாடு நின்றது. முன்னங்கால் இரண்டும் இருந்தன. பின்னால் ஒன்றுமில்லை. மொபெட்டில் போகிற ஒருவருக்குத் தலை இல்லை. பூக்கடைக்கு முன்னால் ஒரே கிழவர் மூன்று இடத்தில் நடந்துகொண்டிருந்தார்.

"இவரு நீங்க கேமராவைத் திருப்பின பக்கமே நடந்திருக்காரு. அதான் படத்துக்குப் படம் வந்துட்டாரு. மாடு ஒட்டு விழுற இடத்துல நின்னுருக்கு. பாதி இந்தப் படம், பாதி அந்தப் படம்."

"இதுக்கு என்ன செய்ய?"

"ஒட்டு விழுற இடத்துல ஆள் இருந்தா எடுக்காதீங்க. அவங்க போற வரைக்கும் இருங்க."

"எவ்வளவு நேரம்?"

ஜெனோவா டீ டம்ளரை எடுத்தாள். ஜன்னல் கம்பியில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு டீயைக் குடித்தாள். டீ தீர்ந்தது. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தாள். திருமேனி கால் மாற்றி நின்றான். தொண்டையைச் செருமிப் பார்த்தான்.

காகம் பறந்தது.

"இவ்வளவு நேரம்" என்றாள்.

*

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை, சுகந்தி அடுப்படியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டாள். கை தவறி விழவில்லை, வேண்டுமென்றேதான் போட்டாள்.

அவர்கள் பிள்ளை செவ்வந்திக்கு இரண்டரை வயது. அம்மாவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, டப்பா மூடியை உருட்டிக்கொண்டிருந்தாள். தட்டு விழுந்த சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது. செவ்வந்தி மூடியை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சுகந்தி இன்னொரு தட்டைப் போட்டாள். அப்புறம் குழம்புச் சட்டி மூடியைப் போட்டாள்.

"வீட்டை இடிக்கிறியா?" என்று திருமேனி உள்ளே வந்தான்.

"திரும்பவே மாட்டேங்குறா பாருங்க."

"விளையாட்டு மும்முரத்துல இருக்கா."

"இன்னும் அம்மான்னு ஒரு வார்த்தை சொல்லல. அந்த நினைப்பு இருக்கா?"

"என் தம்பி நாலு வயசுலதான் பேசினான். இப்ப அவன் பேச்சை நிறுத்த ஆள் இல்ல."

"ஊர்ல இருக்கிறவன் காதையெல்லாம் பன்னிரண்டு வருஷமாப் பார்த்துக்கிட்டிருக்கீங்க. பெத்த பிள்ளை காதை ஒரு நாளைக்குப் பார்க்கக் கூடாதா?"

அவன் கேமராவைத் துடைத்தான்.

சுகந்தி தரையில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். குரலைத் தணித்துச் சொன்னாள். "சனிக்கிழமை காது டாக்டர்கிட்ட டோக்கன் போட்டிருக்கேன். அஞ்சேகாலுக்கு. நீங்களும் வரணும்."

"சனிக்கிழமையா?"

"மலைக்கோட்டை எங்கயும் ஓடிடாது. அடுத்த சனிக்கிழமையும் அங்கதான் நிக்கும்."

"அதுக்கில்ல..."

"நான் தனியாப் போயிடுவேன். வழி தெரியும், ஆட்டோ இருக்கு. ஆனா அந்த ஆள் வாயைத் திறந்து சொல்லும்போது தனியா உட்கார்ந்து கேக்க எனக்குத் தெம்பு இல்ல. அவ்வளவுதான்."

அவள் அப்படிக் கெஞ்சிக் கேட்கிறவள் இல்லை. அவன் கேமராவைக் கீழே வைத்தான்.

"சரி, வர்றேன். நாலே முக்கால் வரைக்கும் மேல இருப்பேன். நீ வந்து சந்து முனையில நில்லு. பூக்கடைகிட்ட. மேலேருந்து பார்த்தா அந்த இடம் நல்லாத் தெரியும். உன்னைப் பார்த்ததும் இறங்கிடுறேன்."

"பார்ப்பீங்கல்ல?"

"பார்க்காம?"

*

வியாழனும் வெள்ளியும் மழை கொட்டியது. சனிக்கிழமை வெறித்துவிட்டது.

திருமேனி மொட்டைமாடியில் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டான். கழுவி வைத்த மாதிரி இருந்தது ஊர். ஸ்ரீரங்கத்துக் கோபுரம் கைக்கு எட்டுகிற தூரத்தில் நின்றது. காவேரிப் பாலத்தில் போகிற பஸ்ஸுக்கு ஜன்னல் எத்தனை என்று எண்ணலாம் போலிருந்தது. பத்து சனிக்கிழமை காத்திருந்த வெளிச்சம் இன்றைக்கு வந்திருக்கிறது.

கேமரா ஸ்டாண்டின் மூன்று காலையும் விரித்தான். நூலைக் கட்டினான். நட்டு புள்ளியில் நின்றது. செல்போனை அணைத்துப் பையில் போட்டான். படம் எடுக்கும்போது போன் அடித்தால் அவனுக்குக் கை உதறும். போனை அணைக்கச் சொல்லி டீச்சர் சொல்லிக்கொடுக்கவில்லை. அது அவனாகவே பழகிக்கொண்டது.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் ஒட்டு விழுகிற இடத்தைப் பார்த்தான். ஆள் போகும்வரை இருந்தான். பிறகு எடுத்தான். ஒன்பது படம் ஒரு பிசிறில்லாமல் முடிந்தது.

பத்தாவதில் பூக்கடை வந்தது. எடுத்தான். சின்னத் திரையில் பார்த்தான்.

சரியாக ஒட்டு விழுகிற இடத்தில் ஒரு ஆள்.

எட்டு மாடிக்கு மேலிருந்து, ரோட்டைத் தாண்டி, எறும்பு அளவுக்குத்தான் தெரிந்தது. ஒரு பொம்பளை. இடுப்பில் ஏதோ மஞ்சள் மூட்டை. ஆட்டோவுக்கு நிற்கிறாள் போல.

காத்திருந்தான்.

அந்த உருவம் நகரவில்லை.

கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் காத்திருந்தான். மேற்கே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் முதல் ஒன்பது படத்தின் வெளிச்சம் வேறு, இதன் வெளிச்சம் வேறு ஆகிவிடும். திரும்பவும் ஒட்டுப்போட்ட பாவாடை. திரும்பவும் ஒரு மழை, ஒரு சனிக்கிழமை, யாருக்குத் தெரியும் எப்போது என்று.

உருவம் கையைத் தூக்கியது. ஆட்டோவை நிறுத்துகிறாள் என்று நினைத்தான். ஆட்டோ எதுவும் நிற்கவில்லை. கையை இறக்கியது. மறுபடியும் தூக்கியது.

"போம்மா" என்று முணுமுணுத்தான். "நகரு தாயே. உனக்கு நிக்க வேற இடமே கிடைக்கலையா? போய்த் தொலை."

ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். நாலு. அஞ்சு. ஆறு.

உருவம் திரும்பியது. மூட்டையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டது. போய்விட்டது.

"அப்பாடா" என்றான். எடுத்தான்.

பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று, பதினாலு.

முடித்துவிட்டு வாட்சைப் பார்த்தபோது அஞ்சு மணி. திடுக்கிட்டு ஓடிப்போய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான்.

சந்து முனையில் யாரும் இல்லை. பூக்கடைக்காரர் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

அவள் இன்னும் வரவில்லை என்று நினைத்தான். அஞ்சே கால் வரைக்கும் அங்கேயே நின்று பார்த்தான். பிறகு வீட்டுக்குப் போனான். பூட்டியிருந்தது. டாக்டர் வீட்டுக்கே போய்விடலாம் என்று செருப்பை மாட்டினான்.

எந்த டாக்டர் என்று அவன் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அவளுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தான். அவள் எடுக்கவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் துறையூரிலிருந்து மச்சினன் கூப்பிட்டான்.

"அக்கா இங்கதான் இருக்கா மாமா. பாப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்காதாம். பொறந்ததிலேருந்தே கேக்கலையாம்."

திருமேனி சுவரில் சாய்ந்துகொண்டான்.

"போனை அவகிட்ட குடு."

சுகந்தி மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

"ஏன் சுகந்தி தனியாப் போன? சந்து முனையில நிக்கிறேன்னுதானே சொன்ன?"

"நின்னேன்."

"நிக்கல."

"நின்னேங்க."

"பொய் சொல்லாத. நாலரையிலேருந்து நான் மேலதான் இருக்கேன். அந்த முனையையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன். கண்ணை எடுக்கல. நீ வரவே இல்ல. எங்கிட்ட படம் இருக்கு, பார்க்கிறியா?"

"படமா?"

"படத்துல உள்ளதுதான் உண்மை. சந்து முனையில ஒரு ஆள் இல்ல."

"போனை ஏன் அணைச்சு வெச்சிருந்தீங்க?"

"அதை விடு."

"விட்டுட்டேன்" என்றாள் சுகந்தி.

போன் வைக்கப்பட்டுவிட்டது.

அன்று மத்தியானமே துறையூருக்குப் பஸ் ஏறினான். மச்சினன் வாசலில் நாற்காலி போட்டான், காப்பி கொடுத்தான். சுகந்தி வெளியே வரவில்லை. செவ்வந்தி மட்டும் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துச் சிரித்தாள். அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டான். கூப்பிட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. அதற்குள் அவள் உள்ளே ஓடிவிட்டாள்.

*

"என் பொண்டாட்டி பொய் சொல்றா, டீச்சர்."

திங்கட்கிழமை. அவன் கையில் பென்டிரைவ் இருந்தது. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். தட்டு விழுந்ததிலிருந்து துறையூர் நாற்காலி வரைக்கும் ஒரே மூச்சில் சொன்னான்.

"அதுக்கு நான் என்ன அண்ணே செய்ய?"

"படத்தைப் பாருங்க. நீங்களே சொல்லுங்க. அதை நான் பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டுப் போய் அவ அண்ணன் தம்பி முன்னால விரிக்கப் போறேன்."

ஜெனோவா படத்தைத் திறந்தாள்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரைக்கும் மெதுவாக நகர்த்திப் பார்த்தாள். கோபுரம். பாலம். மலைக்கோட்டை. திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். அவள் கண் ஒட்டைத் தேடுகிறது என்று அவனுக்குத் தெரியும். அந்த நிலையிலும் அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல" என்றாள்.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. பத்து சனிக்கிழமையாக இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் மாடி ஏறினான்.

"சந்து முனையைப் பாருங்க டீச்சர். ஆள் இருக்கா?"

பெரிதாக்கினாள். பூக்கடை. ஈரத் தரை. ஒரு ஆள் இல்லை.

"இல்ல" என்றாள்.

"சொன்னேன்ல?"

"சனிக்கிழமை சாயங்காலம். பூக்கடை வாசல்." அவள் திரையைப் பார்த்தபடியே கேட்டாள். "இவ்வளவு காலியா எப்படி அண்ணே கிடைச்சுச்சு?"

"அதை ஏன் கேக்குறீங்க. ஒரு பொம்பளை வந்து நின்னுட்டா. சரியா ஒட்டு விழுற இடத்துல. மூட்டையும் முடிச்சுமா. போகவே மாட்டேங்குறா. ஆறு நிமிஷம் டீச்சர். வெயில் வேற இறங்குது. நீங்க சொன்னதை நெனச்சுக்கிட்டு அசையாம நின்னேன். அவ போனப்புறம்தான் எடுத்தேன்."

ஜெனோவா மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"அவ இருக்கும்போது ஒண்ணும் எடுக்கலையா?"

"ஒண்ணு எடுத்தேன். வீணாப்போச்சு. அதுவும் இந்தப் பென்டிரைவ்லதான் கிடக்கு."

அவள் அதைத் திறந்தாள். படத்தின் மூலையில் கேமரா நேரம் போட்டிருந்தது. நாலு நாற்பத்தேழு.

பூக்கடையைப் பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உருவம் கட்டம் கட்டமாகச் சிதறும் வரைக்கும் போய், கொஞ்சம் பின்னால் வந்து நிறுத்தினாள்.

மஞ்சள் மூட்டை இல்லை அது. மஞ்சள் துண்டு. துண்டுக்குள்ளிருந்து இரண்டு சின்னக் கால்கள் தொங்கின.

அந்தப் பெண் அண்ணாந்து நேராகக் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளையின் கையைத் தன் கையால் பிடித்து மேலே தூக்கி, மாடியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜெனோவா நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி அவனுக்கு இடம் விட்டாள்.

திருமேனி குனிந்தான். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகம். வெளியே தெருவில் உப்பு விற்கிறவன் கத்திக்கொண்டு போனான்.

"நீங்கதானே சொன்னீங்க" என்றான். "போற வரைக்கும் இருக்கச் சொல்லி நீங்கதானே டீச்சர் சொன்னீங்க."

"ஆமா. நான்தான் சொன்னேன்."

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அவன் விரலை நீட்டித் திரையில் அந்த உருவத்தைத் தொட்டான். கண்ணாடி மேல் விரல் ரேகை படிந்தது. துடைத்தான். மறுபடியும் தொட்டான்.

"இவளை..." என்றான். "இவளைத் திரும்ப அந்த எடத்துல கொண்டுவந்து வைக்க முடியுமா டீச்சர்?"

"படத்துலதானே?" என்றாள் ஜெனோவா. "ஒரு நிமிஷ வேலை அண்ணே."